உட்ரெக்டில் பொம்பிளை பார்த்த நாள்

ஒருவர் செய்த கெடுதியை அவரே மறந்துவிட்டால், அதன் பிறகு அது யாருடையது? செய்தவரிடம் அது இல்லை. பட்டவரின் வீட்டில்தான் இருக்கிறது. அதற்குச் சாப்பாடு போட்டு, நோய் நொடி வராமல் பார்த்து, நாடு விட்டு நாடு கூட்டிக்கொண்டு போவதும் அவர்தான். அப்படியானால் ஒருவர் வன்மத்தை வைத்திருக்கிறார் என்று சொல்வதா, வன்மம் அவரை வைத்திருக்கிறது என்று சொல்வதா? கனடாவில், ரொறொன்ரோவின் மல்வேர்ன் பகுதியில் இருந்த அருள்மலரின் வாழ்க்கை இந்தக் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. அவளிடமே கேட்டிருந்தால், விளங்கவில்லை என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போயிருப்பாள்.

வேலை ஸ்காபரோவில் ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில். மருந்துப் போத்தல்களுக்கு மூடி செய்கிற இடம். ஓடி வருகிற மூடிகளில் வெடித்தது, வளைந்தது, நிறம் மாறியது எல்லாவற்றையும் பொறுக்கி எறிவது அவள் பொறுப்பு. நின்றபடி செய்கிற வேலை. முழங்கால் அங்கேதான் போனது. கூட வேலை செய்தவர்கள் அவளைக் கண் கூர்மையான ஆள் என்பார்கள். சிரித்துப் பேசுகிற ஆள் என்று ஒருவரும் சொன்னதில்லை. கணவர் சச்சிதானந்தன் விமான நிலையத்தில் பொதி ஏற்றுகிறவர், அவளைவிடப் பதினொரு வயது மூத்தவர். அவரைப் புகழ்ந்து சொல்ல அதிகம் இல்லை. குறை சொல்ல அதைவிடக் குறைவு. ஒரே மகள் பிரதீபாவுக்கு ஆறு வயது, தமிழ் பாதி, ஆங்கிலம் பாதி, வாய் முழுசாக.

அருள்மலரின் வன்மத்துக்கு வயது பதின்மூன்று. ஊரில், சண்டிலிப்பாயில், அவளுக்கு இருபத்திரண்டு வயதில், ஒரு சம்பந்தம் கூடி வந்தது. மாப்பிள்ளை வவுனியாவில் பொறியியலாளர். சாதகம் பொருந்தி, படம் மாற்றி, நாள் பார்க்கிற கட்டம் வரைக்கும் போய்விட்டது. மிச்சமிருந்தது விசாரிப்பு ஒன்றுதான். எங்கள் ஆட்களிடம் இது சாதகத்தைவிடப் பெரிய விஷயம். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீடு இருக்கிற ஒழுங்கையிலேயே சொந்தமும் இல்லாத பகையும் இல்லாத ஒருவரைப் பிடித்து, எப்படி, நல்ல ஆட்களோ என்று கேட்பார்கள். கேட்கப்படுகிறவர் அந்த ஒரு நிமிடத்துக்கு நீதிபதி. அன்று கேட்கப்பட்டவள் நான்கு வீடு தள்ளி இருந்த புவனலோஜினி. ஏழு வயது மகளைக் கையில் பிடித்தபடி வாசல் படலையில் நின்றே பதில் சொன்னாள். "அந்தக் குடும்பத்தைப் பற்றி நான் ஒண்டும் சொல்ல விரும்பேல்லை."

வந்தவர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள். திரும்பி வரவில்லை.

பொய் சொல்லியிருந்தால் பொய் என்று சண்டை பிடித்திருக்கலாம். சொல்லாத ஒன்றை யாரிடம் போய் மறுப்பது? அவள் விட்டுவைத்த இடைவெளியை ஊர் தன் பாட்டில் நிரப்பியது. வலிப்பு என்றார்கள் சிலர். முதுகில் வெண்படை விழுந்திருக்கிறதாம் என்றார்கள் வேறு சிலர். ரியூசன் மாஸ்ரர் ஒருவரின் பெயரும் அடிபட்டது. அடுத்தடுத்து வந்த சம்பந்தங்கள் படலையோடு திரும்பின. ஒருநாள் அருள்மலரே அறைக்கதவைச் சாத்திவிட்டு, முன்னுக்கு ஒரு கண்ணாடியும் பின்னுக்கு ஒரு கண்ணாடியும் வைத்துத் தன் முதுகைப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. அடுத்த கிழமையும் பார்த்தாள். தன் உடம்பைத் தானே சந்தேகப்பட்ட அந்த இரண்டாவது தடவையைத்தான் பிறகு அவளால் எந்த நாட்டிலும் மன்னிக்க முடியவில்லை.

மகளின் கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்க்காமலே அந்த வருடக் கடைசியில் தகப்பன் செத்துப்போனார். விசாரித்தது யாரிடம், கிடைத்த பதில் என்ன என்பதெல்லாம் செத்தவீட்டுக்கு வந்த கலியாணத் தரகர் வாய் தவறிச் சொல்லித்தான் தெரிய வந்தது. அதற்குள் புவனலோஜினி குடும்பத்தோடு ஹொலண்டுக்குப் போய்விட்டாள். ஏசுவதற்குக்கூட ஆள் இல்லை. எண்பத்தெட்டில் கனடாவில் இருந்து சச்சிதானந்தன் அவளைப் பெண் கேட்டு எழுதினார். ஒருவரிடமும் விசாரிக்காமல் அவளைக் கேட்டவர் அவர் மட்டும்தான். அது பெருந்தன்மையா, சோம்பலா என்று அவள் பலமுறை யோசித்திருக்கிறாள். வந்த புதிதில் ஒருநாள் பழைய கதை முழுவதையும் அவரிடம் சொன்னாள். "விடும், பழசு" என்றார். அதோடு அவரிடம் அந்தக் கதையைச் சொல்வதை நிறுத்திவிட்டாள். தனக்குள் நிறுத்தவில்லை.

தொண்ணூற்றாறாம் ஆண்டு கோடைவிடுமுறைக்கு ஹொலண்டில் இருக்கிற சச்சிதானந்தனின் தம்பி ஜெயரட்ணத்திடம் போவதாக முடிவாகியிருந்தது. புறப்படுவதற்கு முதல் கிழமை எதிர் வரிசை ரவுண்ஹவுஸ் வீட்டில் இருக்கிற பாலேஸ்வரி வந்து குந்தினாள். அவளுடைய மகன் பிரசாந்துக்குப் பெண் தேடிக்கொண்டிருந்த காலம் அது. ஹொலண்டில் ஒரு பெட்டை பொருந்தி வருகிறது, பெயர் மயூரி, தாய் சண்டிலிப்பாய்ப் பக்கம், புவனலோஜினி என்று பெயர், தெரியுமோ என்று கேட்டாள்.

வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த அருள்மலர் கத்தியை நிறுத்தாமலே தெரியும் என்றாள்.

"அப்ப கடவுள்தான் உங்களை அங்கை அனுப்புறார், மலர். பெட்டையை ஒருக்காப் பாருங்கோ. தாயையும் பாருங்கோ. வந்து ஒரு சொல்லுச் சொல்லுங்கோ, அது போதும். மூடியிலயே பழுது பிடிக்கிற ஆள் நீங்கள். உங்கடை சொல்லுக்குப் பிறகு நான் ஒருத்தரிட்டையும் கேக்கமாட்டன்."

பாலேஸ்வரி போன பிறகு அருள்மலர் வெட்டிய வெங்காயத்தைப் பார்த்தாள். கறிக்குத் தேவையானதைவிட மூன்று மடங்கு வெட்டியிருந்தாள்.

அன்றைக்கே முடிவு எடுத்துவிட்டாள். புதிதாக எதையும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. புவனலோஜினி சொன்ன அதே வசனம், ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல். அதற்குமேல் கெட்டது சொன்னால் அது பொய். பொய் சொல்ல அவள் விரும்பவில்லை. நீல்சன் ரோட்டு பஸ்சில் நின்றுகொண்டு அந்த வசனத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். எந்த இடத்தில் மூச்சு விடுவது, முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதையும் பழகினாள். தொழிற்சாலையில் அந்தக் கிழமை அவள் எறிந்த மூடிகளில் பல நல்ல மூடிகள் என்று மேற்பார்வையாளர் வந்து சொன்னார். பன்னிரண்டு மாதமும் முகம் சுளிக்கிற அருள்மலர் அதற்குச் சிரித்தாள். கூட நின்றவர்கள் ஆச்சரியப்பட்டார்கள்.

பெண் பார்ப்பது எங்கே என்பதில் ஒரு சிக்கல் இருந்தது. வீட்டுக்குப் போனால் அது சடங்கு ஆகிவிடும். பிறகு வேண்டாம் என்றால் பெட்டைக்கு அவமானம். ஊரில் என்றால் கோயில் வீதியில் தற்செயலாகச் சந்தித்த மாதிரிச் செய்துகொள்ளலாம். ஜெயரட்ணத்தின் மனைவி றோஸ்மேரி கத்தோலிக்கக்காரி. அவள் ஒரு வழி சொன்னாள். உட்ரெக்டில் ஒரு பெரிய பழைய கிறிஸ்தவக் கோயில் இருக்கிறது, ஒரு காலத்தில் ஆயருடைய கோயில், மயூரி படிப்பதும் அந்த ஊரில்தான். கனடாவில் இருந்து வந்தவர்களுக்கு ஊர் காட்டக் கூட்டிப்போன மாதிரியும் இருக்கும். தற்செயல் நடக்கவேண்டிய நேரத்தை இரண்டு வீட்டாரும் தொலைபேசியில் பேசி ஞாயிற்றுக்கிழமை முற்பகலுக்கு ஒழுங்குபடுத்தினார்கள்.

ஜெயரட்ணம் பிரேடாவுக்குப் பக்கத்தில் இருந்தார். வான் வண்டியில் வந்த வழி முழுவதும் மழை தூறியது. உட்ரெக்டுக்கு வரும்போது விட்டுவிட்டது. தெருக்கள் ஒடுங்கியவை. கால்வாய் தெருவுக்குக் கீழே ஒரு தட்டு இறங்கி ஓடியது. அதன் கரையிலும் ஆட்கள் மேசை போட்டுக் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். கோபுரம் எல்லாவற்றுக்கும் மேலாக நின்றது. சச்சிதானந்தன் அண்ணாந்து பார்த்துவிட்டு, கோபுரம் இஞ்சை, கோயில் அங்கை, இடையில ஏன் வெளி என்று கேட்டார். நடுவில் இருந்த பகுதி முந்நூறு வருடத்துக்கு முதல் ஒரு புயலில் விழுந்துவிட்டது, பிறகு கட்டவில்லை என்றாள் றோஸ்மேரி. திருப்பிக் கட்டாமல் இவ்வளவு காலம் அந்த வெளியை அப்படியே வைத்திருக்கிறார்களே என்று சச்சிதானந்தன் குறைப்பட்டார். அருள்மலருக்கு அந்த ஊர் முதல் தடவையாகப் பிடித்துப் போனது.

தற்செயல் சொன்ன நேரத்துக்கு நடந்தது. வெளியின் மறு கரையில் இருந்து ஊதா நிறக் காஞ்சிபுரம் கட்டிய ஒரு பெண்ணும், பஞ்சாபி உடுப்புப் போட்ட ஒரு இளம் பெண்ணும் வந்தார்கள். சைக்கிளில் போன வெள்ளைக்காரர் ஒருவர் சேலையைத் திரும்பிப் பார்த்து ஒரு கம்பத்தில் முட்டப் பார்த்தார்.

"அட, நீங்களும் இஞ்சையோ" என்று புவனலோஜினி தூரத்திலேயே தொடங்கிவிட்டாள். ஜெயரட்ணம் தன் பங்குக்கு ஆச்சரியப்பட்டார். மயூரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததை அருள்மலர் கண்டாள். அப்போது பிரதீபா தாயின் கையை இழுத்து, சதுக்கம் முழுவதற்கும் கேட்கிற குரலில், "அம்மா, இவவைத்தானே பிரசாந் அண்ணா மேரேஜ் பண்ணப் போறார்?" என்றாள். அதோடு தற்செயல் முடிந்தது.

புவனலோஜினி அருள்மலரைக் கட்டிப்பிடித்தாள். பவுடர் மணத்தது. "எடி மலர், நீயே இது? நல்லா மெலிஞ்சு போனாய்." பிறகு அவளை எட்டப் பிடித்து நிறுத்தி மேலும் கீழும் பார்த்தாள். "சண்டிலிப்பாயில இருக்கேக்கை நாங்கள் எல்லாம் கவலைப்பட்டனாங்கள், உனக்கு ஒண்டும் சரிவருதில்லையெண்டு. கடைசியில பார், கனடா. கெட்டிக்காரி."

அந்தக் கைகள் தோளில் இருக்கிற வரைக்கும் அருள்மலர் அசையவில்லை. இந்த முகத்தைப் பதின்மூன்று வருடம் மனதில் வைத்திருந்தாள். நேரில் பார்க்கும்போது அதில் ஒளிப்பு ஒன்றும் இல்லை. குற்றம் செய்தவர்கள் கண்ணைத் தாழ்த்துவார்கள் என்று யார் சொன்னார்களோ தெரியாது. இந்தக் கண்கள் மாப்பிள்ளையின் சம்பளத்தையும் கனடாக் குளிரையும் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தன.

மத்தியானம் கால்வாய்க் கரையில் இருந்து சாப்பிட்டார்கள். புவனலோஜினி மட்டன் றோல்சும் கட்லற்றும் ஈயத்தாளில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். றோஸ்மேரி பிளாஸ்கில் இருந்து தேநீர் ஊற்றினாள். றோல்ஸ் நன்றாகத்தான் இருந்தது. அருள்மலர் அதை ஒத்துக்கொள்ள விரும்பாமல் இரண்டாவதை எடுத்தாள். கதை ஒவ்வொருவரின் சம்பந்தமாகச் சுற்றி, ரொட்டர்டாமில் முறிந்துபோன ஒரு கலியாணத்தில் வந்து நின்றது. அந்தப் பெட்டையைப் பற்றிப் புவனலோஜினியிடமும் யாரோ விசாரித்தார்களாமே என்று ஜெயரட்ணம் பகிடியாகக் கேட்டார்.

"எனக்கு உந்தச் சோலியே வேண்டாம், தம்பி" என்றாள் புவனலோஜினி. "கலியாணம் முடிச்ச புதுசில ஒருக்கா மச்சாள் ஒருத்திக்கு ஒருத்தனைப் பற்றி நல்லது சொல்லிக் கட்டிவைச்சு, அவன் குடிகாரனாப் போய், ஏச்சு முழுக்க எனக்கு. அண்டையில இருந்து ஆர் கேட்டாலும் ஒரே பதில்தான். நான் ஒண்டும் சொல்ல விரும்பேல்லை. நல்லதும் சொல்லமாட்டன், கெட்டதும் சொல்லமாட்டன். ஒருத்தற்றை பாவமும் எனக்கு வேண்டாம்."

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. விரதம் பிடிக்கிறவர்கள் தங்கள் விரதத்தைப் பற்றிச் சொல்லும்போது வருகிற மாதிரி.

"எத்தினை பேருக்கு அப்பிடிச் சொல்லியிருப்பியள், அக்கா?" என்று அருள்மலர் கேட்டாள்.

"உதையெல்லாம் ஆர் ஞாபகம் வைச்சிருக்கிறது?" புவனலோஜினி விரலைத் துடைத்துக்கொண்டு பிரதீபாவுக்கு இன்னொரு கட்லற் எடுத்துக் கொடுத்தாள்.

அருள்மலர் கையில் மிச்சமிருந்த றோல்சை ஈயத்தாளில் வைத்தாள். பதின்மூன்று வருடமாக அவள் இந்தப் பெண்ணுக்குக் காரணங்கள் கற்பித்து வந்திருக்கிறாள். பொறியியலாளர் மாப்பிள்ளை என்ற பொறாமை, வேலிச் சண்டை, தன் தகப்பன் ஒருமுறை அவள் கணவனுக்குக் கை கொடுக்காமல் விட்டது என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து ஒரு முழு எதிரியைச் செய்து வைத்திருந்தாள். இப்போது அந்த எதிரி இல்லை. இருந்தது எச்சரிக்கையான ஒரு மனுசி. கெட்ட பெயர் வாங்காமல் இருப்பதற்காக வாயை மூடினவள். மூடின வாய்க்குள் யார் யார் அகப்பட்டுச் செத்தார்கள் என்று திறந்து பார்க்காதவள். தீமை செய்ய நினைத்தவரோடு ஒருவர் சரிக்குச் சரி நிற்கலாம். நினைக்கவே இல்லாதவரோடு எப்படி நிற்பது? அருள்மலரின் கோபம் இதைக் கேட்டுத் தணியவில்லை. முதலில் பட்டதைவிட இது பெரிய அவமானமாக இருந்தது. தன்னை அழித்தவளுக்குத் தன்மேல் பகைகூட இருக்கவில்லை.

சாப்பாடு முடிந்து ஆண்கள் பிரதீபாவோடு கோபுரம் ஏறப் போனார்கள். அருள்மலரின் முழங்காலுக்கு அந்தப் படிகள் சரிவராது. புவனலோஜினி கண்ணைச் சிமிட்டிவிட்டு றோஸ்மேரியைக் கடை பார்க்கக் கூட்டிப்போனாள். அன்ரிக்கு மயூரி கோயிலைக் காட்டட்டும், நல்லாக் கதைக்கட்டும் என்றாள். அவள் திட்டத்தில் எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது.

கோயில் உள்ளே குளிர்ந்து, வெறுமையாக இருந்தது. ஊரில் மடுமாதா கோவில் மாதிரி மெழுகுதிரி மணத்தை எதிர்பார்த்திருந்த அருள்மலருக்குக் கல் மணம்தான் கிடைத்தது. மயூரி நிதானமாக நடந்து, நிதானமாகக் கதைக்கிற பெண். மூக்கு தாயுடையது. ஒரு சுவரில் வர்ணம் பூசிய பழைய கற்சிற்பத்தின் முன்னால் நின்றாள். பெண்கள், மடியில் பிள்ளை, பின்னால் சிலர். உடுப்பின் மடிப்புகள் ஒவ்வொன்றும் தெரிந்தன. ஒருவருக்கும் முகம் இல்லை.

உருவ வழிபாட்டை வெறுத்த ஆட்கள் நானூறு வருடத்துக்கு முதல் வந்து வெட்டியது என்று மயூரி விளக்கினாள். அவர்கள் முழுவதையும் நொறுக்கியிருக்கலாம், ஆனால் முகத்தைத்தான் கவனமாக எடுத்திருக்கிறார்கள்.

"வெட்டினவைக்கு அது ஆரின்ரை முகம் எண்டு தெரிஞ்சிருக்குமோ?"

"தெரிய வேண்டிய தேவை இருந்திருக்காது, அன்ரி."

அருள்மலர் அந்தச் சிற்பத்தைக் கன நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். நல்ல வேலை என்று நினைத்தாள். வெட்டினவர்களின் வேலையைத்தான். அப்போதுதான் மயூரி பக்கத்தில் வந்து, ஆட்கள் இல்லை என்று பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"அன்ரி, நான் உங்களிட்டை ஒண்டு கேக்கிறன். கோவிக்கக் கூடாது. பாலேஸ்வரி அன்ரியிட்டை என்னைப் பற்றி ஏதாவது பிழை சொல்லுவீங்களோ?"

அருள்மலருக்கு ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியபோது கைப்பையை மற்றக் கைக்கு மாற்றினாள். மனதில் வேறு யாரும் இருக்கிறார்களோ என்று கேட்டாள்.

"ஒருத்தரும் இல்லை. ஆள் இருந்தால்தான் வேண்டாம் எண்டலாமோ?" மயூரி சிரிக்கவில்லை. "எனக்குப் படிச்சு முடிக்க வேணும். அம்மாவிட்டைச் சொல்லிச் சொல்லிக் களைச்சுப் போனன். அவ கேக்கமாட்டா. அவை வேண்டாமெண்டால்தான் விடுவா. வாய் காட்டுறாள் எண்டு சொல்லுங்கோ, சமைக்கத் தெரியாது எண்டு சொல்லுங்கோ. எதையும் சொல்லுங்கோ. எனக்கு வெக்கமில்லை."

"ஒரு பெட்டையைப் பற்றிப் பிழை சொன்னால் என்ன நடக்குமெண்டு தெரியுமோ உனக்கு?" அருள்மலரின் குரல் அந்த வெறுமையில் அவள் நினைத்ததைவிடப் பெரிதாகக் கேட்டது.

"இஞ்சை ஆருக்கு அன்ரி அது பெரிசு?" என்றாள் மயூரி. தோளைச் சற்று உயர்த்தி, சுற்றியிருந்த ஊரைக் காட்டுகிற மாதிரி. "நான் நாளைக்கும் லைபிரரிக்குப் போவன்."

அந்தத் தோளை உயர்த்தியதில் அருள்மலருக்கு அவளை அறைய வேண்டும் போல இருந்தது. தன்னைக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்திய ஒன்று இந்தப் பெட்டைக்கு ஒரு சளிக் காய்ச்சல் அளவுக்கும் இல்லை. மூன்றாவது முறையாக அன்று அவளிடம் இருந்து ஒன்று பறிக்கப்பட்டது. எதிரி மறந்திருந்தாள். எதிரிக்குப் பகை இருக்கவில்லை. இப்போது எதிரியின் மகள், அருள்மலர் ஒளித்துக்கொண்டு வந்த கத்தியைக் கண்டு, அதுதான் எனக்கும் வேண்டும், தாருங்கோ என்று கை நீட்டுகிறாள். சொல்ல வைத்திருந்த வசனம் அதேதான். ஆனால் அதைச் சொன்னால் அது பழியா, உதவியா? தாய்க்கு அடியாகவும் மகளுக்குக் கொடையாகவும் ஒரே சொல் இருக்குமானால், கொடுத்தவளின் கை எதைச் செய்தது? பழிவாங்குகிறவர்கள் பயப்படுவது தோல்விக்கு என்று நினைக்கிறோம். தங்கள் பழி ஒரு நன்மையாகத் திரும்பிவிடும் என்பது தோல்வியைவிட மோசமான பயம். சொல்லாமல் விட்டுப் பெட்டையைப் புகழ்ந்து அனுப்பினால், மகளின் வாழ்க்கை தாயின் கையாலேயே கெடும். அது ஒருவேளை இன்னும் பெரிய பழி. அந்த எண்ணம் வந்ததும், அது தனக்கு எவ்வளவு இலகுவாக வந்தது என்பதைக் கண்டு அருள்மலருக்கே ஒரு குளிர் பிடித்தது. எண்ணத்தை விட்டுவிடவில்லை.

"நீ என்னட்டை ஒண்டும் கேக்கேல்லை" என்றாள். "எனக்கு ஒண்டும் கேக்கவும் இல்லை. வா, அவை இறங்கியிருப்பினம்."

பிரிகிற நேரத்தில் புவனலோஜினி மிஞ்சின றோல்சைக் கட்டிக் கையில் திணித்தாள். மற்றவர்கள் வான் வண்டியில் ஏறும்வரை பார்த்திருந்து, அருள்மலரின் மணிக்கட்டைப் பிடித்தாள். அதுவரை இருந்த சத்தம் அவள் குரலில் இல்லை. "இவளுக்கு ஒரு இடத்தில செய்துவைச்சிட்டால் எனக்கு நிம்மதி, மலர். அவரும் சுகமில்லாத மனுசன். எல்லாம் நீ சொல்லுற சொல்லிலதான் இருக்கு."

"தெரியும், அக்கா" என்றாள் அருள்மலர்.

ரொறொன்ரோவுக்கு வந்து மூன்றாம் நாள் பாலேஸ்வரி வந்தாள். அருள்மலர் அவளை இருத்தித் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். பெட்டை எப்படி என்று பாலேஸ்வரி கேட்டாள். பெட்டையில் ஒரு குறையும் இல்லை என்றாள் அருள்மலர். வடிவு, அடக்கம், நல்ல படிப்பு. அவ்வளவையும் அவசரமில்லாமல், ஒவ்வொன்றாகச் சொன்னாள். அதுவரை யாரையும் அவள் அப்படிப் புகழ்ந்து பாலேஸ்வரி கேட்டதில்லை. பாலேஸ்வரியின் முகம் மலர்ந்துகொண்டு வந்தது.

"அப்ப குடும்பம்? தாய் எப்பிடி?"

அருள்மலர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். பஸ்சில் பழகிய இடத்திலேயே மூச்சு விட்டாள். "அந்தத் தாயைப் பற்றி நான் ஒண்டும் சொல்ல விரும்பேல்லை."

பாலேஸ்வரி அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் ஆட்களில் யாரும் அதற்குமேல் கேட்பதில்லை. கொஞ்ச நேரம் வேறு கதை கதைத்துவிட்டு, தேநீரை முழுவதும் குடிக்காமல் எழும்பிப் போனாள். அடுத்த கிழமையே சாதகத்தில் ஏதோ செவ்வாய் இடிக்கிறது என்று ஹொலண்டுக்குச் சொல்லி விட்டார்களாம். மல்வேர்னில் புவனலோஜினியைக் கண்ணால் கண்டிராத பெண்களெல்லாம் அவளுக்கு என்னென்ன இருக்கலாம் என்று சமையலறைகளில் யோசிக்கத் தொடங்கினார்கள். வட்டி வியாபாரம் என்றார்கள் சிலர். புருஷனை அடிப்பாளாம் என்றார்கள் வேறு சிலர். அருள்மலர் கூட இருந்து கேட்டாள். மறுக்கவும் இல்லை, தலையாட்டவும் இல்லை. அந்தக் கிழமைகளில் அவள் நன்றாகத் தூங்கினாள் என்று சொல்ல வேண்டும். வேறு மாதிரிச் சொன்னால் அது உண்மையாக இருக்காது.

மகளின் பெயரைத் தொடாமல் தாயின் மேல் மட்டும் அதை இறக்கியது மயூரிக்காகவா, பழி சரியான முகவரிக்குப் போய்ச்சேர வேண்டும் என்பதற்காகவா என்பது பற்றி இரண்டு விதமாகவும் வாதாடலாம். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர் என்று நினைப்பது வாதாடுகிறவர்களின் பழக்கம்.

செப்ரெம்பரில் ஒரு சனிக்கிழமை காலை தொலைபேசி வந்தது. அருள்மலர் பிரதீபாவின் தலையைப் பிரித்துச் சீவிக்கொண்டிருந்தாள். சச்சிதானந்தன் எடுத்து, ஹொலண்டில இருந்து என்று சொல்லி நீட்டினார்.

"மலர், சாதகம் எண்டு சொன்னது பொய். இப்பதான் எனக்குத் தெரியும்" என்றாள் புவனலோஜினி. அழுதிருந்த குரல். "நீதான் அவையிட்டை ஏதோ சொன்னனியாம். என்னடி சொன்னனி?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை, அக்கா."

"அதைத்தான் அவையும் சொல்லீனம். மலர் ஒண்டும் சொல்ல விரும்பேல்லையாம் எண்டு. ஜேர்மனியில இருக்கிற என்ரை சொந்தத் தங்கச்சியே இப்ப என்னட்டைக் கேக்கிறாள், என்னக்கா உங்களிலை இருக்கு எண்டு." தொலைவில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "நான் நேற்று முழுக்க இருந்து யோசிச்சுப் பார்த்தன். எனக்கு ஒண்டும் பிடிபடேல்லை. நான் உனக்கு என்னடி செய்தனான்?"

சச்சிதானந்தன் ரீவியின் சத்தத்தைக் குறைத்தார். புவனலோஜினியின் குரல் அவருக்கும் கேட்டது; பழைய கதையும் அவருக்குத் தெரிந்திருந்தது. இந்தக் கேள்விக்காகத்தான் இவள் பதின்மூன்று வருடம் காத்திருந்தாள். பழி என்பது அடிப்பதில் பாதிதான். எதற்கு அடி விழுந்தது என்று விழுந்தவருக்குத் தெரிவது மற்றப் பாதி. அதைச் சொல்லாவிட்டால் புவனலோஜினி தன் வாழ்நாள் முழுவதும் யோசித்துக்கொண்டிருப்பாள். சொன்னால் மன்னிப்புக் கேட்பாள். உடனேயே, அழுதுகொண்டு, முழு மனதோடு கேட்பாள். சொல்ல வேண்டியது மிகச் சிறிய கதை. எண்பத்திமூன்று, சண்டிலிப்பாய், படலையில் நின்று ஒரு வசனம்.

அருள்மலர் ஒரு கையில் தொலைபேசியும் மறுகையில் மகளின் பின்னலுமாக நின்றாள். "அம்மா, நோகுது" என்றாள் பிரதீபா.

"நீங்கள் எனக்கு ஒண்டும் செய்யேல்லை, அக்கா" என்றாள். வேலைக்கு நேரமாகிறது என்று சொல்லித் தொலைபேசியை வைத்தாள்.

அன்று அவளுக்கு வேலை இல்லை. ஏன் சொல்லவில்லை என்று சச்சிதானந்தன் கேட்டார். அவள் சீப்பை எடுத்து, விட்ட இடத்தில் இருந்து பிரதீபாவின் தலையைச் சீவினாள். அவர் பிறகும் சில தடவை கேட்டார். மயூரியும் படித்து முடித்த வருடம் ஒரு முறை தொலைபேசியில், தன்னை விட்டுவிட்டு ஏன் அம்மாவைச் சொன்னீர்கள் என்று கேட்டாள். இருவருக்கும் அவள் பதில் சொல்லவில்லை.